இன்ஜெக்டருக்கு முன்னால் ஓர் இடைத்தரகர்: வாசகர் கேள்வி-பதில்

எஃப்.ஐ., அதாவது இன்ஜெக்டர் என்ற முனை வழியே பெட்ரோலைத் தெளிக்கும், மோட்டார் சைக்கிள்களில் வெளிச்சந்தையில் வாங்கிப் பொருத்தும் எரிபொருள் கன்ட்ரோலர்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்கள் சேர்ந்துகொண்டே வந்ததால், இந்த இதழில் வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என்னுடைய ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வண்டியில் இரண்டு சைலன்சர்களையும் மாற்றி, காற்றைத் தாராளமாக விடும் ஏர் ஃபில்டரையும் போட்டிருக்கிறேன். அதன் பிறகு த்ராட்டிலை மூடும்போதெல்லாம் பின்னால் பட்பட்டென வெடிக்கிறது; நகருக்குள் ஓட்டும்போது சூடும் அதிகமாகத் தெரிகிறது. கன்ட்ரோலர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். உண்மையில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது? – வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் வண்டியின் கணினி, அதாவது இசியு, எஞ்சினுக்குள் போகும் காற்றை நேரடியாக எடைபோட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் எவ்வளவு, காற்றின் வெப்பம் என்ன, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பவற்றைச் சென்சார்கள் சொல்ல, அந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு தொழிற்சாலையில் எழுதிவைத்த ஓர் அட்டவணையைப் பார்த்து, 'இந்த நிலையில் இவ்வளவு காற்று வந்திருக்கும்' என்று அது கணக்கிட்டுக்கொள்கிறது. அந்த அட்டவணை தொழிற்சாலை சைலன்சரையும் தொழிற்சாலை ஃபில்டரையும் நம்பி எழுதப்பட்டது. இன்ஜெக்டருக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார் அளவில் நிலையாக வைக்கப்பட்டிருப்பதால், எவ்வளவு பெட்ரோல் தெளிக்கப்படும் என்பது இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. நீங்கள் சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றியதால் சில சுற்றுகளில் காற்று கூடியிருக்கிறது. இசியுவோ பழைய அட்டவணைப்படியே இன்ஜெக்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. கலவையில் பெட்ரோல் குறைகிறது. மெக்கானிக்குகள் இதைத்தான் 'லீனாக ஓடுகிறது' என்கிறார்கள்.

கன்ட்ரோலர் இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்காரும் ஓர் இடைத்தரகர். இசியு '5 மில்லிவினாடி திற' என்று அனுப்பும் கட்டளையை அது வாங்கி, தன்னிடமுள்ள அட்டவணையில் அந்தச் சுற்றுக்கும் அந்தத் த்ராட்டில் நிலைக்கும் உரிய கட்டத்தைப் பார்த்து, அங்கே 6 சதவீதம் என்று எழுதியிருந்தால் 5.3 மில்லிவினாடியாக மாற்றி இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. இசியுவின் உள்ளே இருக்கும் எழுத்தை அது தொடுவதே இல்லை. பெங்களூருவில் தயாராகும் பவர்ட்ரானிக்கும் அமெரிக்காவின் டைனோஜெட் நிறுவனத்தின் பவர் கமாண்டரும் இந்த வகையில் நம் ஊர் ஓட்டுநர்களுக்குப் பழகிய பெயர்கள். இசியுவின் உள் அட்டவணையையே அழித்து எழுதுவது வேறு வேலை. அதைப் பற்றி இங்கே நான் பேசவில்லை.

இனி உங்கள் வெடிச்சத்தத்துக்கு வருவோம். த்ராட்டிலை மூடியவுடன் பெரும்பாலான எஃப்.ஐ. வண்டிகள் இன்ஜெக்டரை முழுவதுமாக நிறுத்திவிடும், அல்லது மிகவும் குறைத்துவிடும். அந்த இடைவேளையில் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி சூடான பெண்ட் பைப்பில், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் வளைந்த குழாயில், போய்ச் சேர, எங்கிருந்தாவது புதிய காற்றும் கிடைத்தால் அங்கேயே தீப்பிடிக்கிறது. அந்தக் காற்று பெரும்பாலும் இணைப்புகளில் உள்ள கசிவு வழியாகத்தான் வருகிறது. சைலன்சர் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தாலோ, கிளாம்ப் சரியாக இறுகாமல் இருந்தாலோ, எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கன்ட்ரோலர் வாங்கினாலும் இந்தச் சத்தம் போகாது. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது கிளப்பி, பைப் சூடேறுவதற்குள் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தைச் சரிசெய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மாசு குறைப்பதற்காகப் புகைக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தும் வால்வு சில வண்டிகளில் உண்டு. அத்தகைய வண்டிகளில் அடைப்புக் குறைந்த சைலன்சர் போட்டால், முன்பும் நடந்துகொண்டிருந்த சிறு வெடிப்பு இப்போது காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

கசிவு இல்லை, பின்னரும் நடுச்சுற்றுகளில் இழுவை தடுமாறுகிறது, வெயிலில் மெதுவாகப் போகும்போது வண்டி திணறுகிறது என்றால் கன்ட்ரோலரைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒன்றையும் மாற்றாத வண்டிக்கு அதை வாங்கிப் போடுபவர்களுக்கு உச்ச சக்தியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைப்பதில்லை; த்ராட்டிலைத் திறக்கும் நேரத்துத் தயக்கம் குறைந்து ஓட்டம் வழுவழுப்பாவதைத்தான் பலரும் 'பவர் கூடிவிட்டது' என்று சொல்கிறார்கள் என்பது என் கருத்து.

கேள்வி: என் கே.டி.எம். 390 டியூக்கில் கன்ட்ரோலர் பொருத்தி, கூடவே வந்த மேப்பை, அதாவது திருத்த அட்டவணையை, ஏற்றினேன். முதல் இரண்டு நாள்கள் வண்டி பறந்தது. சுமார் 200 கிலோமீட்டர் ஓடியபின் பழையபடியே ஆகிவிட்டது. இப்போது உச்ச சுற்றில் முன்பைவிட மோசமாக இருப்பதுபோலவும் தோன்றுகிறது. பெட்டி கெட்டுவிட்டதா? – வாசகர், மதுரை

பதில்: பெட்டி கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் கடிதம் இந்த விஷயத்தின் கழுத்தையே பிடித்துவிட்டதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

புகைக்குழாயில் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார் இசியுவுக்கு நாக்குப் போன்றது. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் அதன் மின்னழுத்தம் 0.9 வோல்ட் பக்கம் ஏறும்; குறைந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். சரியான கலவையைச் சுற்றி, ஏறத்தாழ 0.45 வோல்ட்டைத் தாண்டித் தாண்டி ஆடிக்கொண்டிருக்கும். ஒரே வேகத்தில், குறைந்த த்ராட்டிலில் நீங்கள் போய்க்கொண்டிருக்கும் நேரங்களில் இசியு இந்தச் சென்சாரைக் கேட்டுக்கேட்டுப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கலவையை அந்த நடுப்புள்ளியில் நிறுத்துகிறது. வினைமாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஒழுங்காக வேலை செய்ய அந்தப் புள்ளி தேவைப்படுகிறது. த்ராட்டிலை முழுவதும் திறந்தால் இசியு சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு அட்டவணையை மட்டும் நம்பி ஓடும்.

உங்கள் மேப் எல்லாக் கட்டங்களிலும் 6 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்த த்ராட்டிலில் கன்ட்ரோலர் 6 சதவீதம் கூட்டுகிறது. சென்சார் 'பெட்ரோல் அதிகம்' என்கிறது. இசியு 6 சதவீதம் குறைக்கிறது. ஒரே குழம்பில் ஒருவர் உப்புப் போட, மற்றவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதைப் போன்ற நிலை இது. இதோடு நின்றால் பாதகமில்லை. ஆனால் இசியு மறதியுள்ள கருவி அல்ல. தொடர்ந்து குறைக்க வேண்டியிருப்பதைப் பார்த்ததும், 'இந்த வண்டியில் இன்ஜெக்டர் கொஞ்சம் தாராளமாகத் தெளிக்கிறது போலிருக்கிறது' என்று முடிவுகட்டி, அந்தக் குறைப்பை நினைவகத்தில் எழுதிவைத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன அந்த 200 கிலோமீட்டரில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கற்றுக்கொண்ட அந்தக் குறைப்பைச் சில இசியுக்கள் சென்சாரைக் கேட்காத முழுத் த்ராட்டில் பகுதிக்கும் கொண்டுபோய்விடும். அந்தப் பகுதியில் உங்கள் மேப் 2 சதவீதம் மட்டுமே கூட்டியிருந்தால், இசியு 6 சதவீதத்தைக் கழித்துவிட, முடிவில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது தொழிற்சாலை அளவைவிட 4 சதவீதம் குறைந்த பெட்ரோல். உச்ச சுற்றில் மோசமாகிவிட்டதாக உங்களுக்குத் தோன்றுவது வெறும் பிரமையாக இல்லாமலும் இருக்கலாம்.

சரிசெய்யும் வழி மேப்பில்தான் இருக்கிறது. கணினியில் மேப்பைத் திறந்து, இசியு சென்சாரைக் கேட்கும் பகுதியிலுள்ள கட்டங்களை, அதாவது குறைந்த, நடுத்தரச் சுற்றுகளில் குறைந்த த்ராட்டில் நிலைகளைப் பூச்சியமாக்கிவிட்டு, அதற்கு மேலுள்ள பகுதியில் மட்டும் திருத்தம் செய்யுங்கள். அதன்பின் இசியு பழைய பாடத்தை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ள, ஒரே சீரான வேகத்தில் சில மணி நேரம் ஓட்டுங்கள். ஆக்சிஜன் சென்சாரின் சமிக்ஞையையும் சேர்த்து வாங்கி, இசியுவிடம் மாற்றிச் சொல்லும் கன்ட்ரோலர்களும் கிடைக்கின்றன. அவற்றால் குறைந்த த்ராட்டிலிலும் கலவையைச் சற்றே பெட்ரோல் மிகுந்ததாக வைக்க முடியும். சென்சாரையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மின்தடையைச் செருகுமாறு சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: நாக்கை அறுத்துவிட்டால் சமையல் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு அது சமம்.

கேள்வி: காற்று வெப்பச் சென்சாரின் வயரில் செருகும் சிறிய பிளக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் கன்ட்ரோலர்தானா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது ஒரு மின்தடை; கன்ட்ரோலர் அல்ல. உள்ளே வரும் காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாக இசியுவை நம்பவைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்பதால் இசியு எல்லா நிலைகளிலும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டும். மதுரை வாசகருக்குச் சொன்னபடி, சென்சாரைக் கேட்கும் பகுதியில் கூட்டியதைத் தானே குறைத்தும் விடும். எந்தச் சுற்றில் எவ்வளவு என்று தேர்ந்தெடுக்கும் வழியே இல்லாத கருவிக்கு விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அதிகம்தான்.

கேள்வி: சமவெளியில் டியூன் செய்த வண்டியை உதகைக்கு ஓட்டிப்போனால் மேப்பை மாற்ற வேண்டுமா? – வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: வேண்டியதில்லை. உதகை ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தச் சென்சார் இதை உணர்ந்து இசியுவின் அடிப்படைக் கட்டளையையே குறைத்துவிடுகிறது. கன்ட்ரோலர் அந்தக் குறைந்த கட்டளையின் மீதுதான் தன் சதவீதத்தைக் கூட்டுகிறது. சதவீதக் கணக்கின் அருமை இதில்தான் இருக்கிறது. இழுவை குறைவது காற்று குறைவதால் நேர்வது. அதை எந்த மேப்பாலும் ஈடுசெய்ய முடியாது. கார்புரேட்டர் காலத்தில் பர்லியாறு தாண்டும்போதே வண்டி புகையைக் கக்கியதை நினைத்துப் பார்த்தால் எஃப்.ஐ.யின் அருமை புரியும்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபிறகு கன்ட்ரோலரில் எத்தனை சதவீதம் கூட்ட வேண்டும்? என் வண்டி 2019இல் வாங்கியது. வைட்பேண்ட் மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 13.0 காட்டுமாறு ஏற்கெனவே டியூன் செய்திருக்கிறேன். இ20க்குச் சரியான விகிதமே 13.5தான் என்கிறார்கள், அப்படியென்றால் 13.0 போதாதல்லவா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு தனித்தனி விஷயங்கள் உங்கள் கேள்வியில் பின்னிக்கொண்டிருக்கின்றன, பிரித்துப் பார்ப்போம்.

கலப்பில்லாத பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும், ஏனெனில் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஆகவே 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்த எண் சுமார் 14.1 ஆகவும், 20 சதவீதம் கலந்ததற்குச் சுமார் 13.5 ஆகவும் இறங்குகிறது. அதே அளவு காற்றுக்கு இ10ஐவிட இ20 ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு ஓடும் பகுதியில் இந்த 4 சதவீதத்தை இசியு தானாகவே சேர்த்துக்கொள்ளும். முழுத் த்ராட்டிலில் சேர்க்குமா என்பது அதன் கற்றல் நினைவகம் அங்கேயும் எட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. இ10 காலத்தில் டியூன் செய்த மேப்பில் முழுத் த்ராட்டில் கட்டங்கள் இப்போது லீனாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவது முறையே.

இனி மீட்டர். வைட்பேண்ட் சென்சார் காற்றையும் பெட்ரோலையும் தனித்தனியே எடைபோடுவதில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை, அல்லது எரியாமல் மிஞ்சிய எரிபொருளை உணர்ந்து, 'சரியான கலவையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது' என்ற ஒரு விகிதத்தைத்தான் கண்டுபிடிக்கிறது. இதற்கு லாம்டா என்று பெயர். சரியான கலவையில் அது 1. மீட்டரைச் செய்தவர்கள் நமக்குப் பழகிய எண்ணாக இருக்கட்டும் என்று அதை 14.7ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறார்கள். ஆகவே பெட்ரோல் அளவுகோலில் உள்ள மீட்டர் இ20 ஊற்றிய வண்டியிலும் சரியான கலவைக்கு 14.7 என்றுதான் காட்டும், 13.5 என்று காட்டாது. உங்கள் 13.0 என்பது லாம்டா 0.88. டாங்கில் எந்தப் பெட்ரோல் இருந்தாலும் முழுத் த்ராட்டிலுக்கு அது நல்ல எண். இ20 ஊற்றியபின் மறுபடியும் அளந்து பாருங்கள்; 13.0 காட்டினால் எதையும் தொட வேண்டாம், 13.5 காட்டினால் அந்தக் கட்டங்களில் 4 சதவீதம் கூட்டுங்கள். மீட்டரை லாம்டாவில் காட்டுமாறு அமைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் வண்டி 2019ஆம் ஆண்டுடையது என்பதால், கலவையைவிடப் பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் கவனிப்பது அவசரம். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் அதன் விளைவு டாங்கின் அடியில் தெரியும்.

கேள்வி: மடிக்கணினியும் வைட்பேண்ட் சென்சாரும் என்னிடம் இருக்கின்றன. டைனோவுக்கு, அதாவது வண்டியை நிறுத்தி ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவிக்கு, போகாமல் நானே டியூன் செய்துகொள்ள முடியுமா? – வாசகர், சென்னை

பதில்: முடியும். ஆனால் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம்.

வால்வு இடைவெளி, பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்பின் அழுத்தம், உள்ளிழுக்கும் ரப்பர் குழாயில் விரிசல் ஆகியவை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நோய் இருக்கும் வண்டியை டியூன் செய்தால் நோயும் மேப்புக்குள் எழுதப்பட்டுவிடும். அடுத்து, வைட்பேண்ட் சென்சாரைப் பெண்ட் பைப்பில், வினைமாற்றிக்கு முன்னால் பொருத்துங்கள். சென்சாரின் முனை கீழ்நோக்கியும் அதன் தலை கிடைமட்டத்துக்குச் சற்று மேலேயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாயில் படியும் நீர்த்துளி சூடான பீங்கானில் பட்டு அதை உடைத்துவிடும். எஞ்சின் ஓடும்போது சென்சாரின் ஹீட்டருக்கு மின்சாரம் இல்லாமல் விடக்கூடாது. கரி படிந்து அது வீணாகிப்போகும். கன்ட்ரோலருக்குத் த்ராட்டிலின் முழு மூடல் எங்கே, முழுத் திறப்பு எங்கே என்று கற்றுக்கொடுக்கும் படி ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் விட்டால் நீங்கள் 60 சதவீதத் த்ராட்டிலில் செய்த திருத்தம் 50 சதவீதத்தில் போய் விழும். பாதிப் புகார்களுக்குக் காரணம் இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதுதான் என்று என் பட்டறை அனுபவத்தில் சொல்வேன்.

அளக்கும் வேலையைப் பொதுச்சாலையில் செய்யாதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே முழுத் த்ராட்டிலில் போவது தற்கொலைக்குச் சமம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்க அனுமதிக்கும் நாள்கள் உண்டு; கோவைப் பக்கத்தினருக்குக் காரி ஸ்பீட்வே இருக்கிறது. பதிவு செய்யும் கருவியை இயக்கிவிட்டு ஓட்டுங்கள். தரவை நின்றபின் பாருங்கள்.

தரவைப் படிக்கும்போது ஒரு கட்டத்தில் ஒருமுறை வந்த எண்ணை நம்ப வேண்டாம். அதே சுற்றிலும் அதே த்ராட்டிலிலும் சில வினாடிகள் நிலைத்து நின்ற எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். த்ராட்டிலைச் சடாரெனத் திறந்த கணத்தின் எண் பொய் சொல்லும். பிளக் தவறவிட்ட வெடிப்பில் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருவதால், பெட்ரோல் மிகுந்து மிஸ்ஸிங் ஆகும் வண்டியைக்கூட மீட்டர் லீன் என்று காட்டும். அதை நம்பி மேலும் பெட்ரோலைக் கூட்டி, வண்டியை நிறுத்தியே விட்டவர்களை எனக்குத் தெரியும். புகைக்குழாயில் கசிவிருந்தாலும் இதே பொய்தான்.

கணக்கு எளிது. 6000 சுற்று, 80 சதவீதத் த்ராட்டில் கட்டத்தில் மீட்டர் 14.0 காட்டுகிறது, உங்களுக்கு 13.0 வேண்டும் என்றால், 14.0ஐ 13.0ஆல் வகுத்தால் 1.077, அந்தக் கட்டத்தில் 7.7 சதவீதம் கூட்ட வேண்டும். இதை ஒரே தடவையில் போடாமல் 4 சதவீதம் போட்டு, மறுபடி அளந்து, மீதியைப் போடுங்கள். பக்கத்துக் கட்டங்களுக்கு இடையே பெரிய பள்ளமோ மேடோ இருக்கக்கூடாது. அப்படி வந்தால் வண்டியில் குலுக்கலாகத் தெரியும்.

குறைந்த சுற்றுக் கட்டங்களில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. மின்சாரம் கிடைத்தபின் இன்ஜெக்டரின் ஊசி எழும்ப ஏறத்தாழ 1 மில்லிவினாடி பிடிக்கும்; அந்த நேரத்தில் பெட்ரோல் வராது. ஐட்லிங்கில் மொத்தக் கட்டளையே 2.5 மில்லிவினாடி என்றால் உண்மையில் தெளிக்கும் நேரம் 1.5தான். நீங்கள் 5 சதவீதம் கூட்டினால் கட்டளை 2.625 ஆகிறது, தெளிக்கும் நேரம் 1.625 ஆகிறது, பெட்ரோல் 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. 10 மில்லிவினாடிக் கட்டளையில் அதே 5 சதவீதம் கூட்டினால் பெட்ரோலும் 5 சதவீதத்தை ஒட்டியே கூடும். ஐட்லிங்கில் கை தாராளமாகப் போகக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். உச்ச சுற்றில் இடம் வேறு விதமாக நெருக்குகிறது: நிமிடத்துக்கு 7000 சுற்றில், இரண்டு சுற்றுகள் கொண்ட எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 17 மில்லிவினாடி. இன்ஜெக்டர் அதில் 14க்கு மேல் திறந்திருக்க வேண்டிய நிலை வந்துவிட்டால் மேப்பில் எந்த எண்ணைப் போட்டாலும் பயனில்லை. பெரிய இன்ஜெக்டர்தான் வேண்டும்.

கேள்வி: பட்டறையில் கன்ட்ரோலர் வழியாக இக்னிஷனையும், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தையும், 4 டிகிரி முன்னுக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஏற்றத்தில் எஞ்சினுக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வருகிறது. வண்டி 373 சிசி கே.டி.எம். – வாசகர், சேலம்

பதில்: இன்றைக்கே அந்த 4 டிகிரியைப் பூச்சியமாக்குங்கள், ஆக்கும்வரை ஏற்றத்தில் த்ராட்டிலைத் திறக்காதீர்கள். அந்தச் சத்தம் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள் மூலையிலுள்ள கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே வெடிப்பதால் அது வருகிறது; தொடர்ந்தால் பிஸ்டனின் தலையில் குழி விழும். உங்கள் எஞ்சினில் அழுத்த விகிதம் 12-க்கு மேல் இருப்பதால் தொழிற்சாலை அளவே ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. பெட்ரோல் கணக்கில் பிழை செய்தால் மைலேஜ் போகும், பிளக் கறுக்கும். இக்னிஷன் கணக்கில் பிழை செய்தால் எஞ்சினே போகும்.

கேள்வி: கன்ட்ரோலர் பொருத்துவது சட்டப்படி குற்றமா? வாரண்டி போய்விடுமா? புகைச் சான்றிதழ் கிடைக்குமா? – வாசகர், திருச்சி

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் அளித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத பாகத்தைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190ஆம் பிரிவு தனியாக இருக்கிறது; அதில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். சாலையில் காவலரின் கண்ணில் படுவது இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி அல்ல, சைலன்சர்தான் என்பது நடைமுறை. ஆனாலும் சட்டம் நடைமுறையைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. பி.எஸ். 6 மாசு விதிப்படி தயாரான வண்டியில் கலவையை மாற்றினால் மாசு அளவு அங்கீகரிக்கப்பட்ட நிலையிலிருந்து விலகுகிறது என்பதில் ஐயமில்லை. பந்தயத் தடத்துக்கு மட்டுமான வண்டியில் போடுவதுதான் சட்டச் சிக்கலே இல்லாத வழி.

வாரண்டியைப் பொறுத்தவரை, எரிபொருள் அமைப்பிலோ வயரிங்கிலோ வரும் கோளாறுக்கு சர்வீஸ் மையம் பொறுப்பேற்க மறுக்கலாம். காலம் முடியும்வரை காத்திருப்பது நல்லது. புகைச் சோதனை வண்டி நின்றபடி ஐட்லிங்கில் நடப்பதால், ஐட்லிங் கட்டங்களைத் தொடாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் தேறிவிடும். சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காகச் சாலையில் வெளிவரும் புகை சுத்தம் என்று பொருள் கொள்ளாதீர்கள். தொடர்ந்து பெட்ரோல் மிகுந்து ஓடும் வண்டியில் வினைமாற்றி தன் வேலையைச் செய்ய முடியாது, எஞ்சின் ஆயிலிலும் பெட்ரோல் இறங்கும். ஆயிலின் டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே அது தெரியும்.

கேள்வி: மழையில் கன்ட்ரோலரால் வண்டி நின்றுபோகுமா? – வாசகர், குன்னூர்

பதில்: பெட்டியால் நிற்பது அரிது, வயர்களை இணைக்கும் கப்ளரால் நிற்கும். சில வருடங்களுக்கு முன்னர் நானே ஏற்காட்டு மலைப்பாதையில் இருட்டும் மழையுமாக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். கன்ட்ரோலரைப் பொருத்திய பட்டறையில் இன்ஜெக்டர் வயரை வெட்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். நீர் உள்ளே போய் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. வயரை வெட்டாமல், தொழிற்சாலைக் கப்ளர்களுக்கு நடுவே செருகும் கிட்டை மட்டும் வாங்குங்கள். கப்ளர்களில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, பெட்டியை எஞ்சின் சூடு படாத இடத்தில், வயர்கள் கீழ்நோக்கித் தொங்கும்படி வையுங்கள். இன்ஜெக்டரின் மூலக் கப்ளர்கள் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டிலேயே ஒருமுறை கழற்றிப் பார்த்துப் பழகிக்கொண்டால், வழியில் ஏதாவது நேர்ந்தாலும் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு அவற்றை நேரடியாக இணைத்து ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம்.

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டு புல்லட் இருக்கிறது. எந்தக் கன்ட்ரோலர் பொருந்தும்? – வாசகர், தூத்துக்குடி

பதில்: எதுவும் பொருந்தாது. உங்கள் வண்டியில் இன்ஜெக்டரும் இல்லை, கட்டளை அனுப்ப இசியுவும் இல்லை. கார்புரேட்டர் மட்டுமே இருக்கிறது. சைலன்சர் மாற்றியிருந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரியதாகப் போட்டு, ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளிர் காபி நிறத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.